நீக்கப்பட்ட குழி

அந்த நகர மன்றத்தில் கருத்துச் சுதந்திரத்துக்கு ஒரு குறைவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் பேசலாம். பேசி முடித்ததும் குறிப்பேட்டிலிருந்து அதை நீக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். இந்த மகத்தான சுதந்திரத்தைக் கட்டிக் காப்பதற்கென்றே மாதச் சம்பளத்தில் ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார். பதவியின் பெயர் நீக்கல் எழுத்தர். ஊரார் வைத்த பெயர் ரப்பர்.

ரப்பருக்குப் பதினேழு வருட சர்வீஸ். ஆளுங்கட்சிக்காரர் எழுந்தால் எதிர்க்கட்சியைத் தேசத்துரோகி என்பார். எதிர்க்கட்சிக்காரர் எழுந்தால் அதையே திருப்பிக் கொடுப்பார். உடனே "நீக்கு!" என்று ஒரு சத்தம் வரும். ரப்பர் கறுப்பு மையால் ஒரு கோடு இழுத்து, மேலே "நீக்கப்பட்டது" என்று எழுதுவார். சொந்தமாக ஒரு கருத்து இருந்தால் கை தடுமாறும் என்று, இருந்த ஒன்றிரண்டையும் கல்யாணத்துக்கு முன்பே விட்டுத் தொலைத்திருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் அவர் மனைவி குழியில் விழுந்தாள்.

வீட்டு வாசலுக்கு நேரே, நட்ட நடுத்தெருவில், இடுப்பளவு ஆழம். எதிர்க்கட்சி ஆண்டபோது குழாய் பதிக்கத் தோண்டினார்கள். குழாய் வருவதற்குள் ஆட்சி மாறிவிட்டது. வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த மனைவி கேட்டாள்.

"என்னங்க, மன்றத்துலதானே வேலை பாக்கறீங்க? ஒரு மனு குடுத்தா மூட மாட்டாங்களா?"

"நான் எழுதறவன் இல்லம்மா. அடிக்கறவன்."

"அடிச்சு அடிச்சு என்னத்தக் கண்டீங்க? நாளைக்கு பக்கத்து வீட்டுக் குழந்தை விழுந்தா யார் பதில் சொல்றது?"

மனைவி பெயரில் மனு போட்டார். மன்றத்தில் வாசித்தார்கள்.

ஆளுங்கட்சித் தலைவர் கொதித்தெழுந்தார். "நம் தாய்மண்ணில் குழியா? மண்ணைப் பழிக்கிறவன் தாயைப் பழிக்கிறவன்!"

எதிர்க்கட்சித் தலைவர் கொஞ்சம் தயங்கினார். குழி இருக்கிறதென்று ஒப்புக்கொண்டால், தோண்டியது யார் என்று அடுத்த கேள்வி வரும். "தேசபக்தியில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல! எங்கள் ஆட்சியிலும் குழி இல்லை, இந்த ஆட்சியிலும் இல்லை!"

பதினேழு வருடத்தில் முதல் முறையாக இரண்டு கட்சியும் சேர்ந்து கை தூக்கின. "குழி" என்னும் சொல் நாட்டின் மாண்புக்குக் குந்தகம் விளைவிப்பதால், இனி மன்றத்திலோ வீதியிலோ எவர் வாயிலிருந்தும் அது வரலாகாது என்று தீர்மானம். ரப்பர் தன் மனைவியின் மனுவைத் தன் கையாலேயே அடித்தார். கோடு நேராகத்தான் விழுந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மனைவி கேட்டாள். "குழி என்னாச்சு?"

"நீக்கிட்டாங்க."

"அட, மூடிட்டாங்களா?" எட்டிப் பார்த்தாள். "வாயைப் பொளந்துகிட்டு அப்படியேதானே இருக்கு!"

"தெருவுலேருந்து இல்லம்மா. பேச்சுலேருந்து."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு நான் அந்தக் குழியிலேயே..."

"ஷ்ஷ்!" ரப்பர் பாய்ந்து போய் சன்னலைச் சாத்தினார்.

ஆனால் இல்லாத ஒன்றை ஊரே சுற்றிக்கொண்டு நடப்பது மன்றத்தின் கண்ணை உறுத்தியது. யோசித்து யோசித்து, அதன் நடுவில் ஒரு கொடிக்கம்பத்தை நட்டார்கள். இனி யார் ஒதுங்கி நடந்தாலும் கொடிக்கு மரியாதை செய்து ஒதுங்குகிறார் என்று பொருள். கூடவே ஒரு சுற்றறிக்கை: அவ்வழியே செல்வோர் யாவரும் வலது கையை உயர்த்தி வணங்குதல் வேண்டும். வணங்கும்போது பார்வை கொடியை விட்டுக் கீழே இறங்குதல் கூடாது.

மூன்றாம் நாள் ரப்பர் மனைவிக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. வலது கையை உயர்த்தாமல் கொடியைக் கடந்தது ஏன்?

விசாரணைக்குப் போனாள். குறிப்பெடுக்க வேறு ஆள் இல்லாததால் ரப்பரே பேனாவோடு உட்கார்ந்தார்.

"ஏம்மா கையைத் தூக்கல?" என்றார் விசாரணை அதிகாரி.

"உடைஞ்சிருக்குங்க. இதோ கட்டு தெரியலையா?"

"எப்படி உடைஞ்சுது?"

"குழியில விழுந்து."

அதிகாரி ரப்பரைப் பார்த்தார். ரப்பர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கோடு இழுத்தார்.

"வாசிங்க."

"நீக்கப்பட்டதில் விழுந்து கை உடைந்தது."

"நீக்கியாச்சுன்னா அப்படி ஒண்ணு இல்ல. இல்லாததுல ஒருத்தர் எப்படி விழ முடியும்? விழாம கை எப்படி உடையும்? ஆக, கை உடையல." அதிகாரிக்கே தன் நியாயம் பிடித்துப்போயிற்று. "வெள்ளிக்கிழமை ரெண்டு தலைவர்களும் கொடியேத்த வர்றாங்க. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நீங்க கையைத் தூக்கணும். இல்லேன்னா இவர் வேலையும் நீக்கப்படும்."

 வெளியே வந்ததும் அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ரப்பருக்குத் தேவலை. வீட்டுப் படியேறும்போது, "வலிச்சா வலிச்சுட்டுப் போகுது, தூக்கிடறேன். உங்க வேலை போகக் கூடாது" என்றாள். ரப்பருக்கு அழுகை முட்டியது. கூடவே, அப்பாடா, வேலை தப்பியது என்று ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

வெள்ளிக்கிழமை தெருவில் கால் வைக்க இடமில்லை. கம்பத்தைச் சுற்றிச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். குழி இல்லை என்று மன்றமே சொன்ன பிறகு, விரிப்பதற்கு என்ன தடை? தலைவர்கள் இருவரும் வலது கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, கொடியை அண்ணாந்து பார்த்தபடி நடந்து வந்தார்கள். யார் ஓரடி பிந்தினாலும் அவருக்குத் தேசபக்தி ஓரடி குறைவு என்றாகிவிடுமே! அதனால் நடை மெல்ல மெல்ல ஓட்டமாயிற்று.

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களைக் காப்பாற்ற ஒரே ஒரு சொல் போதும். அது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் மூச்சு விடவில்லை.

"குழி! ஐயா, நில்லுங்க, குழி!" என்று கத்தியது ரப்பரின் மனைவி மட்டும்தான். பக்கத்தில் நின்றவர்கள் அவசரமாகக் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

ரப்பருக்கு எங்கிருந்தோ வீரம் வந்தது. முண்டியடித்து முன்னால் ஓடினார். தொண்டை கிழியக் கத்தினார்.

"ஐயா! முன்னாடி நீக்கப்பட்டது! நீக்கப்பட்டது!"

எதிராளி பேசியதைத்தான் நீக்கியிருக்கிறார்கள் என்று இரண்டு தலைவர்களும் நினைத்துக்கொண்டார்கள். சந்தோஷத்தில் இன்னும் ரெண்டு எட்டு வேகமாக வைத்தார்கள். கம்பளம் தொபுக்கென்று உள்வாங்கியது. கூட்டம் ஒரு கணம் திகைத்தது. இதுவும் நிகழ்ச்சி நிரலில் ஒன்று போலும் என்று யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். உள்ளேயிருந்து தலைவர்கள் பேசிய அத்தனையையும் ரப்பர் கடமை தவறாமல் குறித்துக்கொண்டார். பிறகு அத்தனையையும் அடித்தார்.

இரண்டு பேருக்கும் வலது கை முறிவு. விழுந்தார்கள் என்று சொல்ல முடியாதல்லவா? "தலைவர்கள் இருவரும் தேசபக்தி மிகுதியால் கைமுறிவு எய்தினர்" என்று மன்றம் அறிவித்தது.

அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்! மறுநாளே தொண்டர்கள் மாவுக்கட்டோடு வந்தார்கள். யார் தலைவருக்கு எலும்பு அதிக இடத்தில் முறிந்தது என்று கட்டுப் போட்ட கைகளாலேயே அடித்துக்கொண்டார்கள். கடைகளில் ஆயத்த மாவுக்கட்டு தொங்கியது. கொடி வண்ணத்தில் ஒன்று, கல்யாணத்துக்குச் சரிகை வைத்து ஒன்று, குழந்தைகளுக்குச் சின்ன அளவில் ஒன்று. நல்ல கையோடு தெருவில் போகிறவனை ஊர் ஒருமாதிரி பார்க்கத் தொடங்கியது. எதற்கு வம்பென்று இந்தக் கதையைச் சொல்கிறவனும் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டான். அரிப்பு தாங்கவில்லை, அது வேறு விஷயம்.

குழியை யாரும் மூடவில்லை. மூடுவதற்கு அப்படி ஒன்று இல்லையே.

அந்த வாரம்தான் ரப்பரின் மனைவிக்குக் கை கூடி, மருத்துவர் கட்டைப் பிரித்தார். அவள் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துச் சிரித்தபடி வீட்டுக்கு வந்தாள். கதவில் அடுத்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது: கையில் கட்டின்றி வீதியில் நடமாடியது ஏன்?

அவள் அதைக் கிழித்தெடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ரப்பர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வலது கையில் தோள்வரைக்கும் புத்தம்புதிய மாவுக்கட்டு. இடது கையிலும் ஒன்று. அரசு ஊழியர் என்பதால் இரண்டாகப் போட்டுக்கொண்டுவிட்டார்.

"வந்துட்டியா? மூக்கு அரிக்குதும்மா, கொஞ்சம் சொறிஞ்சு விடேன்" என்றார் பரிதாபமாக.

அவள் நோட்டீஸை அவர் மடியில் போட்டாள்.

"ரெண்டு கையும் உடையற மாதிரி எங்கங்க விழுந்தீங்க?"

ரப்பர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். சன்னல் திறந்திருந்தது. எழுந்து போய்ச் சாத்தலாமென்றால் கை இல்லை.