அழுகலைத் தேடி

எழுதிப் பழகாத கை இது. துணிந்து எழுத வந்தமைக்குப் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன்.

வெள்ள நிவாரணம் கேட்டிருந்த விவசாயியின் வெங்காய வயலைப் பார்வையிட வேளாண்மை அலுவலர் ஜீப்பில் வந்து இறங்கினார். வெங்காயத் தாள்களோ பச்சைப்பசேலென்று நின்றன.

"எங்கய்யா சேதம்?"

"மேல பச்சை சார். அடியில பூரா அழுகிப்போச்சு."

"கண்ணால பார்க்காம எழுத மாட்டேன்."

நிவாரணம் வந்தால்தான் விவசாயிக்கு அடுத்த பருவத்துக்கு விதை. ஆகவே, "கொஞ்சம் உள்ள வாங்க சார்" என்று பணிவுடன் சேற்றைக் காட்டினார். அலுவலர் தமது புதிய காலணிகளைப் பார்த்துக்கொண்டார்.

"இங்கேயே தோண்டுங்க."

வெள்ளத்தில் வரப்பெல்லாம் கரைந்து, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பரப்பாகக் கிடந்தது. அதிகாரியின் சொல்லைத் தட்டுவது முறையன்று எனக் கருதிய விவசாயி, அவர் காலடியிலேயே மண்வெட்டியைப் போட்டார். முற்றாத இளம் வெங்காயம் ஒன்று, தேய்த்துக் குளிப்பாட்டியதுபோல் வெளியே வந்தது.

"இதுவா அழுகல்?"

"இது... தப்பிச்சது சார்."

அடுத்ததும் தப்பித்திருந்தது. அதற்கடுத்ததும்.

விவசாயியுடன் வந்திருந்த அவருடைய தங்கை கணவருக்குப் பொறுக்கவில்லை. தமது வயலை மனைவியின் பொறுப்பில் விட்டுவிட்டு, பேச்சை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டவர் அவர்.

"தள்ளுங்க மச்சான், உங்களுக்குத் தோண்டவே தெரியல!"

அவர் ஒரு பாத்தி முழுவதையும் புரட்டினார். அத்தனையும் பழுதற்றவை.

"போன வாரம் நாத்தம் குடலைப் புடுங்குச்சு சார், நம்புங்க!" என்றார் விவசாயி.

"எனக்கு வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துட்டுப் போகலாம்னுல்ல தோணுது. விளைச்சல் அமோகம்னு எழுதிடவா?"

"ஐயோ, வேணாம் சார்! மாப்பிள்ளை, நீங்க அந்தப் பக்கம் வெட்டுங்க, நான் இந்தப் பக்கம்!"

இருவரும் மூச்சிரைக்க வெட்டித் தள்ளினர். குவியல் ஏற ஏற, தங்கை கணவருக்குக் கோபமும் ஏறியது.

"இவ்வளவு அருமையா விளைய வெச்சுட்டு நிவாரணம் கேட்கறீங்களே, வெட்கமா இல்ல?"

"சத்தியமா நான் இப்படி விளைய வைக்கல மாப்பிள்ளை!"

"அழுகாததுக்கு மன்னிச்சிடுங்க சார்" என்று விவசாயி அலுவலருக்கும் ஒரு கும்பிடு போட்டுவைத்தார்.

வயலில் நிற்கும் தாள் ஒன்றுகூட மிஞ்சாத வேளையில், தண்ணீர்க் குடத்துடன் விவசாயியின் தங்கை வந்து சேர்ந்தார். குவியலைப் பார்த்தவர், குடத்தை இறக்கவும் மறந்து நின்றார்.

"என்னங்க பண்றீங்க?"

"உங்க அண்ணன் வயல்ல அழுகலைத் தேடறோம். ஒண்ணுகூட அகப்படல!"

தங்கை, சேற்றுக்கு அப்பால் தேங்கிக் கிடந்த தண்ணீரைக் கைகாட்டினார்.

"அண்ணன் வயல் அதோ, வெள்ளத்துல போச்சு. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து தோண்டிப் போட்டது நம்ம வயலுங்க."