ஆத்தப்பனின் ஐசோமெட்ரிக் சுத்திகரிப்பு நிலையம்

கட்டடங்களைக் கட்டி முடிக்கும் நாகரிகங்கள் உலகில் பல உண்டு. வரைந்தே முடித்துவிடும் நாகரிகம் 2006-ஆம் ஆண்டு, அருள்புரத்தில், சாயப்பட்டறை அதிபர் ஆத்தப்பனால் தோற்றுவிக்கப்பட்டது.

கழிவுநீரைச் சுத்திகரிக்காத பட்டறைகளை மூடப்போவதாக உத்தரவு வந்திருந்தது. ஆத்தப்பன் 'போர்க்கால நடவடிக்கை'யில் இறங்கினார். பாலிடெக்னிக் முடித்துவிட்டு அவரது ஆபீஸில் வேலை பார்த்த நாகஜோதியைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, நம்ம சுத்திகரிப்பு நிலையத்தை ஐசோமெட்ரிக்ல, அதானுங்க மூணு பக்கமும் ஒண்ணாத் தெரியற படமா, வரஞ்சு குடுங்க."

"அது எங்க இருக்கு சார்?"

"நீங்க வரஞ்சாத்தானுங்களே தெரியும்!"

நாகஜோதி வரைந்தாள். கனச்செவ்வகத்தின் மேல் உருளை, உருளையின் மேல் கூம்பு, பக்கத்துத் தொட்டிக்கு மூடியாக அரைக்கோளம். காற்றில் கட்டிய நிலையம் கம்பீரமாக எழுந்தது. ஆனால் அவள் குடியிருந்த லைன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. அதில் துவைத்துத் துவைத்து அம்மா ஒச்சாயிக்குக் கையெல்லாம் புண். நாகஜோதி பல்லைக் கடித்துக்கொண்டு, பட்டறையிலிருந்து ஓடைக்குப் போகும் குழாயையும் அவசரமாகச் சேர்த்து வரைந்தாள்.

ஆத்தப்பன் அதிர்ந்தார். "பின்னாடி மறஞ்சிருக்கறத ஐசோமெட்ரிக்ல வரையக்கூடாதுன்னு எம் இன்சினீயரு மாப்ள சொன்னாருங்களே?"

"மறைஞ்சிருந்தா வரையக்கூடாது சார். நான் பின்பக்கத்துல இருந்துல்ல பாத்து வரைஞ்சிருக்கேன்."

வேறு தாள் எடுக்க நேரமில்லை. ஆய்வு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். மின்விசிறிக்குக் கீழே, இளநீர் சகிதம், மேசைமீதே 'கள ஆய்வு' தொடங்கியது. நாகஜோதி துணிந்து தாளில் விரலை வைத்தாள்.

"சார், இந்தக் குழா நேரா ஓடைக்குப் போகுது."

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். அவர் முகம் சிவந்தது.

"இது பெரிய தப்பும்மா!"

நாகஜோதி நிமிர்ந்து நின்றாள். ஆத்தப்பன் இன்னொரு இளநீரை அதிகாரி பக்கம் நகர்த்தினார்.

"குழாய் வாயை வட்டமா போட்டிருக்கீங்களே? ஐசோமெட்ரிக்ல நீள்வட்டமால்ல வரணும்!"

கடமை தவறாத அந்த அதிகாரி தம் பென்சிலாலேயே அதைத் திருத்தி, அங்கீகார முத்திரையும் குத்திக் கொடுத்தார். 'தொழில்நுட்பப் பிழை' செய்ததற்காக நாகஜோதி அன்று மாலையே வேலையிலிருந்து நீக்கப்பட்டாள்.

அந்தத் தாளில் இருந்தவற்றில் உண்மையாகவே கட்டப்பட்டிருந்தது குழாய் ஒன்றுதான். அரசாங்கம் பிழை கண்டுபிடித்ததும் அதில்தான், அதன் வடிவத்தில்.