தாய்மாமனைப் பைப்பில் அனுப்பிய கதை

புதிதாக எதையாவது கற்றுக்கொண்டவரிடம் கல்யாண வேலையை ஒப்படைக்கக் கூடாது. அக்கா கல்யாணத்தின்போது, வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஆர் (R) என்ற கணினி மொழியில் பைப் போடக் கற்று எனக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. (மூன்றே வாரம். ஆனால் நடையே மாறியிருந்தது.)

பைப் என்பது ஒரு குறி. அட்டவணையை ஒரு பக்கம் விட்டால், அடுத்தடுத்த வேலைகள் முடிந்து மறுபக்கம் வெளியே வரும். அப்பாவின் அழைப்பு நோட்டை வாங்கி, நானூற்றுச் சொச்சம் பெயர்களையும் டேட்டா டேபிள் என்ற வகைக் கணினி அட்டவணை ஆக்கினேன். அதில் 'அழைக்கும் முறை' என்று ஒரு நெடுவரிசை. நெருங்கிய சொந்தங்களுக்கு 'நேரில்', அப்பாவின் அலுவலகத்தாருக்கு 'வாட்ஸ்அப்'. தாய்மாமனை வெற்றிலை பாக்குத் தட்டோடு வீட்டுக்கே போய் அழைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பைப்புக்குத் தெரியாது.

செய்தி எப்படி இருக்கும் என்று பார்க்க, அட்டவணையைப் பைப்பில் விட்டு எல்லோருக்கும் 'வாட்ஸ்அப்' என்று மாற்றினேன். வெளியே வருவது நகல், மூலம் பத்திரமாக இருக்கும் என்று நம்பினேன். டேட்டா டேபிளில் நெடுவரிசையை அப்படி மாற்றினால் மூலமே மாறிவிடும். அந்தப் பாடம் நான்காவது வாரத்தில் இருந்தது. 'வாட்ஸ்அப்' என்றிருந்த எல்லோருக்கும் அழைப்பு அனுப்பும் நிரலை ஓடவிட்டு நான் சாப்பிடப் போனேன்.

ஒட்டன்சத்திரம் மண்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்த அம்மாவின் அண்ணனுக்குச் செய்தி போனது: 'வருவதானால் 1, வராவிட்டால் 2 அனுப்பவும்.' மாமா 2 அனுப்பினார்.

மாமா சீர் வராமல் அக்கா மணமேடை ஏற முடியாது. அக்கா அழுதாள். அம்மா தட்டை என் கையில் திணித்து, மாமா வீட்டுக்குக் கூடவே பஸ் ஏறினார்.

என்னை எப்போதும் 'ஏ புள்ள' என்று கூப்பிடும் மாமா, அன்று எழுந்து நின்று கும்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, ரெண்டுன்னு அனுப்பிட்டனுங்களே. அப்பறம் எதுக்குங்க இம்புட்டு தூரம்?"

ஒவ்வொரு 'ங்க'வும் ஓர் அறை. அழுதுகொண்டே பைப்பை விளக்கினேன். மாமா முழுவதும் கேட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினார்.

"பாப்பா, இவளுக்கு வேல குடுத்தவன் நல்லாத்தான் இருக்கானா?"

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அத்தை சிரித்துவிட்டார். அப்புறம்தான் மாமா தட்டை வாங்கினார், ஒரு நிபந்தனையோடு. நோட்டில் 'நேரில்' என்றிருந்த அத்தனை வீட்டுக்கும் நானே போய் மன்னிப்புக் கேட்டு அழைக்க வேண்டும். எண்பத்தேழு வீடு. (எண்பத்தேழு டம்ளர் காபி.)

போன மாதம் பேரனின் காதுகுத்துக்கு அழைக்க மாமா தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா, அம்மா, அக்கா, அத்தான் என்று ஒவ்வொருவரையும் முறையாக அழைத்தார். என் முறை வந்ததும் தட்டைக் கீழே வைத்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டார், எதிரில் உட்கார்ந்தபடியே எனக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினார்.