ஊசி இல்லாத தடுப்பூசி

மக்களாட்சி ஏதென்ஸ் நகரத்தில் பிறந்ததாகப் படித்தவர்கள் சொல்கிறார்கள். பிறந்திருக்கலாம். ஆனால் அது வளர்ந்து ஆளானது திண்டுக்கல்லில், எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தில்தான். நான் அதன் செயலாளன் என்பதற்காகச் சொல்லவில்லை. பொரித்து ஒரு வாரமே ஆன கோழிக்குஞ்சுகளுக்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தையே தியாகம் செய்த சங்கம் வேறு எங்காவது இருந்தால் காட்டுங்கள், அன்றே ராஜினாமா செய்கிறேன்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கோழி உண்டு. போன வருடம் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. என் மனைவி மணிமேகலை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தப்பிய ஒரே பெட்டையை அடைகாக்க வைத்து, இந்த முறை எட்டுக் குஞ்சு எடுத்திருந்தாள். காலையில் எனக்குக் காபி வருவதற்கு முன்பே அவற்றுக்கு நொய் போய்விடும்.

இந்நிலையில்தான் எதிர்வீட்டு வியாகுலம்மாள் டீச்சர் பிளாஸ்கும் கையுமாக வந்தார். ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியை. விசில் இல்லாமலேயே விசில் ஊதுவதுபோலப் பேசுவார்.

"செயலாளர் சார், கோழிக்குத் தடுப்பூசி மருந்து வாங்கியாந்துட்டேன். ஒரு குப்பி நூறு குஞ்சுக்குக் காணும். ஆனா கலக்கிட்டா ரெண்டு மணி நேரந்தான், அப்புறம் கீழ கொட்டணும். எல்லாரையும் குஞ்சுகளத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க."

"அப்படிச் சொல்ல எனக்கு ஏது டீச்சர் அதிகாரம்? பொதுக்குழு கூடி முடிவு பண்ணணும்" என்றேன்.

எங்கள் தெருமுனையில் சாப்பாட்டுக் கடை நடத்தும் கண்ணுசாமியின் மெஸ்ஸில் 'அவசரப் பொதுக்குழு' கூடியது. டீச்சரும் கூடையில் தம் குஞ்சுகளோடு வந்து அமர்ந்தார். இம்புட்டுக் கூட்டத்தைப் பார்த்த பூரிப்பில், "கலக்குங்க டீச்சர்!" என்று பாராட்டிவிட்டேன். அவர் அந்த நிமிஷமே குப்பியைத் திறந்து மருந்தைக் கலக்கிவிட்டார். தமிழின் வளம் சில நேரங்களில் நிர்வாகத்துக்கு இடைஞ்சல்.

"தீர்மானம் வர்ற வரைக்கும் யாரும் மருந்தத் தொடக் கூடாது" என்று அறிவித்தேன்.

முதலில் கண்ணுசாமி எழுந்தார். "நாட்டுக்கோழின்னா நாட்டுக்கோழியா இருக்கணும்ணே. ஊசி போட்டா அது ஊசிக்கோழி. அதுக்கும் பிராய்லருக்கும் என்ன வித்தியாசம்? அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நாட்டுக்கோழிக் குழம்புன்னு போர்டு வைக்க?"

"அட என்னப்பா, இதுல ஊசியே கெடையாது! கண்ணுல ஒரு சொட்டு விடணும், அம்புட்டுத்தான்" என்றார் டீச்சர்.

"அப்ப எதுக்கு அதுக்குத் தடுப்பூசின்னு பேரு?"

சபை அதிர்ந்தது. இவ்வளவு ஆழமான கேள்வியை அப்படியே விட்டுவிட முடியுமா? பெயர்க் குழப்பத்தை ஆராய ஓர் உட்குழு அமைத்தேன்.

உட்குழு டீ குடித்துக்கொண்டே ஆராய்ந்த இடைவெளியில், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் முகேஷ்குமார் மைக்கைப் பிடித்தார். "இம்யூனிட்டி உள்ளயிருந்து வரணும் அங்கிள். முதல்ல குஞ்சுங்களோட சம்மதத்த யாராவது கேட்டீங்களா?" என்று தொடங்கி நெடுநேரம் பேசினார். மனித உரிமைக்குக்கூட எங்கள் தெருவில் அவ்வளவு நேரம் ஒதுக்கியதில்லை. டீச்சர் கூடையை மடியில் வைத்துத் தலைகுனிந்திருந்தார். ஜெபம் செய்கிறார் என்று மரியாதையோடு விட்டுவிட்டேன்.

மணிமேகலை என் சட்டையை இழுத்தாள். "ஏங்க, நம்ம குஞ்சுகள மட்டும் தூக்கிட்டு ஓடியாந்துரட்டா?"

"செயலாளர் வீட்டுலயே விதிமீறலா? உக்காரு."

உட்கார்ந்தாள்.

ஒருவழியாக உட்குழு அறிக்கை வந்தது: 'தடுப்பூசியில் ஊசி இல்லை.' மருந்து விடலாம் என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டல் அடங்கியதும் டீச்சர் குப்பியைத் தூக்கிக் காட்டினார்.

"நேரம் தாண்டிருச்சு. ஊசி ஊசின்னு பேசியே மருந்த ஊசிப்போக வச்சுட்டீகளே!"

நல்ல சிலேடை. கூட்டக் குறிப்பில் சேர்த்துக்கொண்டேன்.

அந்த மாதம் முடிவதற்குள் வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது. எங்கள் வீட்டு எட்டும் போயின. கடைசிக் குஞ்சை மணிமேகலை முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டு விடியும்வரை அழுதாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. உடனே அவசரப் பொதுக்குழுவைக் கூட்டினேன்.

இரண்டு பொருள்கள். ஒன்று, இரங்கல் தீர்மானம். மற்றொன்று, டீச்சர் வீட்டுக் குஞ்சுகள் மட்டும் சங்கத்தின் அனுமதியின்றி உயிரோடிருப்பது குறித்து விளக்கம் கேட்டல். அன்று மடியில் நடந்தது ஜெபம் அல்ல, சொட்டு மருந்து என்பது விசாரணையில் தெரிந்துவிட்டது.

"நமது தெருக் குஞ்சுகள் இயற்கையாக இறந்தமைக்கு இச்சங்கம்..." என்று வாசிக்க ஆரம்பித்தேன்.

"ஒரு திருத்தம்" என்று மணிமேகலை எழுந்தாள். "இயற்கையா செத்துச்சுன்னு எழுதாதீக. ஏகமனதா கொன்னோம்னு எழுதுங்க."

விதிப்படி திருத்தத்தை வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். விசாரணையில் இருக்கும் டீச்சருக்கு அந்த உரிமை கிடையாது. வேறு யார் என்று கேட்டேன். கண்ணுசாமி தரையைப் பார்த்தார். முகேஷ்குமார் செல்போனைப் பார்த்தார். வெளியே டீச்சர் வீட்டுக் குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்தின.