கம்பி வழியாக வரும் திருடன்

கம்ப்யூட்டரை மாட்டுச் சங்கிலியால் ஜன்னலோடு கட்டிப் பூட்டுப் போட்ட பிறகும் சவரிராஜுக்கு நிம்மதி இல்லை. குவைத்தில் இருக்கும் மகன் ரெஜினின் முகம் அந்தப் பெட்டிக்குள்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து, “லீவு கேட்டியாடா?” என்பார். “தர மாட்டேங்கிறாங்கப்பா” என்பான் அவன். வருடக் கணக்கில் இதே பேச்சுதான்.

வலங்கைமானில் பெட்டியை விற்ற அப்துல் ஹமீது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இந்தக் காலத்துத் திருடன் வாசல் வழியாக வருவதில்லை, கம்பி வழியாக வருகிறான் என்று சொல்லிவிட்டார்.

அதற்கு என்ன பூட்டு என்று கேட்டார் சவரிராஜ். பாஸ்வேர்டு என்றார் ஹமீது. ஹமீதை முதுகைக் காட்டி நிற்கச் சொல்லிவிட்டு சவரிராஜ் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். அடித்ததெல்லாம் புள்ளி புள்ளியாக விழுந்தது. எழுதியவனுக்கே காட்டாத பெட்டியை எவன் நம்புவான்? மறுநாள் அடித்தது பொருந்தவில்லை. பெட்டி இவரையே திருடன் என்று வெளியே நிறுத்திவிட்டது.

ஹமீது வந்து எல்லாவற்றையும் அழித்து, வைரஸ் பிடிக்கும் காவல்காரன் ஒன்றை உள்ளே விட்டார். அது மூலையிலிருந்து சிவப்பாக எட்டிப் பார்த்து இங்கிலீஷில் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. காவல்காரன் இப்படிக் கத்தினால் திருடன் உள்ளே வந்துவிட்டான் என்றுதானே அர்த்தம்? சவரிராஜ் கேமராக் கண்ணின் மேல் பிளாஸ்திரி ஒட்டினார்.

“அப்பா, ஒரே இருட்டா இருக்கு. எங்க இருக்கீங்க?” என்றான் ரெஜின்.

“திருடனுக்குத் தெரியக் கூடாதுன்னு மறைச்சு வச்சிருக்கேன்.”

“எனக்கும்தான் தெரியலை.”

“தெரிஞ்சு என்ன பண்ணப் போற? வரவா போற?”

ரெஜினின் முகம் பெட்டியிலிருந்து மறைந்தது.

மறுநாள் ஹமீதின் கடையில் போய் நின்றார். எந்தத் திருடனும் தாண்டாத பூட்டு ஒன்று சொல் என்றார். ஹமீதுக்கும் அலுத்துவிட்டது.

“கம்பியைப் பிடுங்கிப் போடுங்க பெரியவரே. ஒரு பய வர மாட்டான்.”

சவரிராஜ் வீட்டுக்கு வந்து அரிவாளை எடுத்தார். ஒரே வெட்டு. டெலிபோனும் அதே கம்பியில்தான் ஓடுகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு பெட்டியில் முகம் வரவில்லை. டெலிபோனும் அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. கேட்ட கேள்விக்குக் கோபித்துக்கொண்டு மகன் தன்னைத் தலைமுழுகிவிட்டான் என்று முடிவு கட்டினார். பூசைக்குப் போவதை விட்டார். சோறு இறங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, சங்கிலியில் கிடந்த பெட்டியைப் பார்த்தபடி படுத்திருந்தார். ஒரு திருடனாவது வந்தால் பேச்சுத் துணைக்கு ஆகும் என்றுகூடத் தோன்றியது.

ஒரு மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் சகாயராஜ், தோளில் மண்வெட்டியோடு நின்றான். இவரைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்து படியில் தடுமாறினான்.

“யாருடா செத்தது?” என்றார் சவரிராஜ்.

சகாயராஜ் அவரை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தான்.

“போன் போகலைன்னதும் நீங்க செத்துட்டீங்கன்னு கம்பெனியில சொன்ன பிறகுதான் ரெஜினுக்கு லீவே குடுத்தாங்களாம் பெரியப்பா, திருச்சியில இறங்கிட்டான்.”