உங்கள் பிரிட்ஜ் சீக்கிரம் குணமாகட்டும்

கிளிஞ்சல்மேடு,
காரைக்கால்.
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய முத்துக்குமரன் சார் அவர்களுக்கு,

உங்களிடம் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் கவியாவின் அம்மா நீலாயதாட்சி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. என் வீட்டுக்காரர் காத்தமுத்து தை மாதம் தவறியபோது பாண்டியிலிருந்து மாலையோடு வந்தீர்கள். அன்று உங்களுக்கு ஒரு டீகூடக் கொடுக்கவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சார், நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். அதற்காகக் கவியா மேல் கோபப்படாதீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் விரல் நுனி அளவு ஒரு குப்பியைக் கொண்டுவந்தாள். "அம்மா, லேப்ல பிரிட்ஜ் ரிப்பேரு. இது ஆன்டிபாடி. என் மூணு வருசப் படிப்பே இதுக்குள்ளதான் இருக்கு. சூடு படக்கூடாது, உறையவும் கூடாது. உறைஞ்சு உருகுனா வீணாப் போயிடும். உன் ஐஸ் பெட்டிய விட்டா எனக்கு வேற வழி இல்லம்மா" என்றாள். "உறைஞ்சு உருகுனா வீணாப் போவும்னு எனக்கே சொல்றியாடி? இருவது வருசமா மீன் விக்கிறவகிட்டயா?" என்று கேட்டேன். அவர் போன பிறகு நான் வியாபாரத்துக்குப் போகவில்லை, பெட்டி கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்திக் கழுவினேன். கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள் சார், இவ்வளவு பெரிய படிப்பு நடக்கிற இடத்தில் ஒரு நல்ல பிரிட்ஜ் கிடையாதா? பின்பக்கம் தூசி தட்டிப் பாருங்கள். எங்கள் தெரு டீக்கடை பிரிட்ஜ் அதனால்தான் இரண்டு முறை நின்றது.

இது என்ன வேலை செய்யும் என்று கேட்டேன். "கடல்லேர்ந்து அப்பா போன் போட்டா என்ன நடக்கும்? நீ சொர்ணாம்பாள் சித்திக்குச் சொல்லுவ, சித்தி வண்டிக்காரருக்குச் சொல்லும், அவரு ஐஸ் உடைக்கிறவருக்குச் சொல்லுவாரு. உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அப்படித்தாம்மா, கைக்குக் கை சேதி போவுது. இந்த ஆன்டிபாடி அந்தக் கூட்டத்துல சேதிய வச்சிருக்கிற ஆள மட்டும் தேடிப் பிடிக்கும். அதே ஆளு சும்மா நின்னா தொடாது. அப்பா வயித்துல கட்டிக்கு 'வளரு, வளரு'ன்னு போன சேதி நிக்கவே இல்ல. அது யாரு கையில நிக்காமப் போச்சுன்னு பாக்கத்தான்" என்றாள். முயல் உடம்பிலிருந்து எடுத்ததாம். இவ்வளவு சாமர்த்தியமான முயலை நான் கண்டதில்லை. என் வீட்டுக்காரர் வயிற்றுவலியை ஏழு மாதம் மறைத்தவர். கைநிறைய சேதியை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிற ஆள்போலச் சிரித்துக்கொண்டு நின்றார். அப்போது இந்த முயல் எங்கே போயிருந்தது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் இரண்டு பேரும் அழ வேண்டியிருக்கும், அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, விட்டுவிட்டேன்.

நேராக ஐஸ் படக்கூடாது என்று அவருடைய பொயிலை டப்பாவைத் தேய்த்துக் கழுவி, குப்பியைத் துணியில் சுற்றி அதற்குள் வைத்தேன். தினமும் காலையில் அவள் போன் வரும். "அம்மா, ஐஸ் மாத்திட்டியா?" ஐஸ் கம்பெனி ரிஃபாய் பாய், "என்னாக்கா, மீனும் இல்ல, யாவாரமும் இல்ல, தினம் ஐஸ் மட்டும் போவுது. ஐஸ்லயே கொழம்பு வைக்கிறீங்களா?" என்று கேலி செய்தார். "முயலுக்கு" என்றேன். அதன்பிறகு அவர் ஒன்றும் கேட்பதில்லை, நன்றாக உடைத்துத் தருகிறார்.

செவ்வாய்க்கிழமை நான் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் என் கொழுந்தன் பெண்சாதி சொர்ணாம்பாள் வந்திருக்கிறாள். ஐஸ் சும்மா கிடக்கிறதே என்று தன் மீனை மேலே அடுக்கி, பெட்டியோடு கோட்டுச்சேரி மார்க்கெட்டுக்குத் தூக்கிப்போய்விட்டாள். நான் தலைகூட வாராமல் பஸ் ஏறினேன். கண்டக்டர், "ஏம்மா, ரெண்டு காலுக்கும் வேற வேற செருப்பா?" என்றார். குனிந்து பார்த்தால் ஒன்று என்னுடையது, ஒன்று என் வீட்டுக்காரருடையது. மார்க்கெட்டில் சொர்ணாம்பாள் சாவகாசமாகச் சொல்கிறாள், "தருமபுரம் செம்பியன் வாத்தியாரு முழு வஞ்சிரம் வாங்கிட்டு, ஐஸ் நெறைய போடும்மான்னாரு. அள்ளிப் போட்டேன், அதோட போயிருக்கும். பொயிலதானேக்கா, வேற வாங்கிக்க." அவளோடு சண்டை போட நேரமில்லை, அதை இன்னும் பாக்கி வைத்திருக்கிறேன். ஷேர் ஆட்டோ பிடித்துத் தருமபுரம் போய்க் கதவைத் தட்டி டப்பாவைக் கேட்டால் வாத்தியார் சம்சாரம் அமுதம்மா, "வாங்க வாங்க, யாரு மருந்தோ என்னவோ, கெட்டுடக் கூடாதுன்னு சாரு பத்திரமா ஃப்ரீசர்ல வச்சிருக்காங்க" என்றார்கள். திறந்து பார்த்தேன். கல்லு மாதிரி உறைந்திருந்தது.

அங்கேயே சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன் சார். என் வீட்டுக்காரர் போன அன்றுகூட அப்படி அழவில்லை; அன்று ஆள் வந்துகொண்டே இருந்தார்கள், நேரமில்லை. வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு, "நல்லதுன்னு நெனச்சுதாம்மா செஞ்சேன்" என்று நாலு தடவை சொன்னார். அமுதம்மா காப்பி கொடுத்தார்கள். அவர்களுக்கு அரியத் தெரியாததால் முழு மீன் அப்படியே கிடந்தது. சும்மா உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் அழுவது? அரிவாள்மனையை வாங்கி, அழுதுகொண்டே துண்டு போட்டுக் கொடுத்தேன். துண்டு ஒரே அளவாக வந்திருந்தது, கை மறக்கவில்லை. "இனிமே வாராவாரம் நீங்களே கொண்டாந்துடுங்க" என்றார்கள் அமுதம்மா. சரி என்று சொல்லிவிட்டேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

நேற்றும் இன்றும் கவியா "ஐஸ் மாத்திட்டியா?" என்று கேட்டாள். மாத்திட்டேன் என்றேன். உறைந்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை. சனிக்கிழமை வருகிறாள், குப்பியை எடுத்துப்போவாள். பரிசோதனை தப்பாக வந்தால் அது என் தப்பு, அவள் தப்பு இல்லை. அவளைத் திட்டாதீர்கள், படிப்பை நிறுத்திவிடாதீர்கள். மறுபடி எடுக்க முயல் வேண்டுமென்றால் இங்கே கொல்லையில் நான் வளர்த்துத் தருகிறேன்.

உங்கள் வீட்டு அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். உங்கள் பிரிட்ஜ் சீக்கிரம் குணமாகட்டும்.

இப்படிக்கு,
கா. நீலாயதாட்சி

பின்குறிப்பு: கவரில் இங்கிலீஷ் விலாசம் எழுதி வாங்க மருந்துக்கடைப் பெண் தஹ்ஸீனிடம் போனேன். குப்பியையும் காட்டினேன், கெட்டுவிட்டதா என்று பார்த்துச் சொல்லுவாள் என்று. அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்தை, இதுல தேதி முடிஞ்சே ரெண்டு வருசம் ஆவுது. நீங்க உறைய வைக்கலன்னாலும் இது குப்பைக்குத்தான்" என்றாள். கடைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கவியா தேதி பார்க்காமல் ஒரு பிஸ்கட்கூட வாங்கமாட்டாள். அவள் அந்தக் குப்பியைக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை நான் பாயை விட்டு எழாமல் மூன்று நாள் ஆகியிருந்தது. அடுப்பு பற்றவைக்கவில்லை. உங்கள் பிரிட்ஜுக்கு ஒரு நோயும் இல்லை, அப்படித்தானே? தூசி தட்டச் சொன்னதை மன்னியுங்கள். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். அவளும் அவள் அப்பா மாதிரி, சேதியை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிற பிள்ளை. இனி நானும் அப்படியே நின்றுகொள்கிறேன். இந்தக் குப்பியை அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டால், தேதி முடிந்த வேறு குப்பி இருந்தால் ஒன்று கொடுத்தனுப்புங்கள் சார். காலையில் அவள் போன் செய்து, ஐஸ் மாத்திட்டியா என்று கேட்கட்டும்.