பிலோமினா அக்காவும் இரண்டு கூட்டு ஓரா மீனும்

சில படித்தவர்கள் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள். அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான்.

பல்கலைக்கழகக் கடைசி வருட ஆராய்ச்சி. கடற்பாசிச் சாறு கலந்த தீனி கொடுத்தால் ஓரா மீனின் தசையில் ஆர்.என்.ஏ. கூடுமா என்று பார்க்க வேண்டும். (உடற்கலத்திலுள்ள டி.என்.ஏ. பெரிதாக மாறாது. மீன் நன்றாக வளர்ந்தால் ஆர்.என்.ஏ. ஏறும்.) ஊர்காவற்றுறைக் கரையோரம் இரண்டு வலைக்கூடுகள் போட்டோம். நீல வாளியில் சாறு கலந்த தீனி, முதற்கூட்டுக்கு. சிவப்பு வாளியில் வெறும் தீனி, இரண்டாம் கூட்டுக்கு. நான் யாழ்ப்பாணத்தில் இருந்ததால், தினமும் தீனி போடும் பொறுப்பைக் கரையோரத்து வீட்டுப் பிலோமினா அக்கா ஏற்றுக்கொண்டார். கொளுத்தும் வெயிலில் வெள்ளைக் கோட்டுடன் நின்று, நியூக்கிளிக் அமிலம் பற்றி அவருக்கு அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். ஏன் இரண்டு வாளி என்பதை மட்டும் சொல்லவில்லை.

நான்கு கிழமை கழித்து, இருபத்தெட்டாம் நாள் அளந்தால், இரண்டு கூட்டு மீனிலும் ஆர்.என்.ஏ. ஒரே அளவு! நான் விடுவேனா? கடலின் உப்பு, வெக்கை, மீனின் மனநிலை (ஓம், அதையும் எழுதினேன்) என்று ஒன்பது பக்கத்துக்குக் காரணம் எழுதி, துறை முழுவதற்கும் முன்னால் வாசித்தேன்.

"எதுக்கும் தீனி போட்டவவை ஒருக்காக் கேட்பம்," என்றார் பேராசிரியர். அவரைக் கரைக்குக் கூட்டிப்போனேன்.

"அக்கா, எப்பிடிக் குடுத்தனீங்கள் எண்டு சேருக்குச் சொல்லுங்கோ," என்றேன் பெருமையாக.

"ரெண்டு வாளியையும் ஒண்டாக் கலந்து, ரெண்டு கூட்டுக்கும் ஒரே அளவாத்தான் குடுத்தனான் சேர். ஒரு பிள்ளைக்குச் சத்துச் சாப்பாடும் மற்றதுக்கு வெறுஞ் சோறும் குடுக்க ஏலுமே? இந்தப் பிள்ளை அவசரத்தில மாறிச் சொல்லிப்போட்டுது எண்டு நினைச்சன்."

பேராசிரியர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு என்னிடம் சொன்னார்: "ஆறு கிழமைக்குள்ள திரும்பச் செய்தால் இந்த வருசம் பட்டம். இல்லாட்டி அடுத்த வருசம்தான்."

பட்டமளிப்புக்கென்று அம்மா வாங்கிய சேலை ஏற்கெனவே அலுமாரியில் இருந்தது. அந்தக் கரையிலேயே, ஒன்பது பக்க அறிஞர் விக்கி விக்கி அழுதார். விசயம் விளங்கியதும் அக்காவும் சேர்ந்து அழுதார்.

மறுநாளிலிருந்து அவருடைய கணவர், மீனவரான அந்தோனி அண்ணை, ஒரு கிழமைக்கு வேறு மீன் பிடிக்கவே போகவில்லை. எனக்காக உயிரோடு ஓரா பிடித்துக் கூடுகளை நிரப்பினார். இந்த முறை ஏன் இரண்டு வாளி என்று சொன்னேன். ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. அக்கா இருபத்தெட்டு நாளும் பிசகாமல் போட்டார். "ரெண்டாம் கூட்டுக்குப் போடேக்க, மன்னிச்சுக்கொள்ளுங்கோ ராசா எண்டு மீனிட்டச் சொல்லுறாள்," என்றார் அண்ணை.

முதற்கூட்டில் ஆர்.என்.ஏ. தெளிவாக ஏறியிருந்தது. அம்மா அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு பட்டமளிப்புக்கு வந்தார். அந்த இருவரும் இல்லையென்றால் எனக்கு அந்த நாள் வந்திருக்காது. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு நிறைந்துவிடும்.

இப்போது எனக்கு இரட்டைப் பையன்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா போனில் கோல் எடுப்பார். வீடே கேட்பதற்காக நான் ஸ்பீக்கரில் போடுவேன்.

"பிள்ளை, ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடுதானே குடுக்கிறீர்? ஒருத்தனையும் ஆராய்ச்சிக்கு விடேல்லைத்தானே?"